ஒழுங்கைக்குள் ஒரு மாடிப்படியும் என் வலது தோளும்

திருகோணமலையில் என் தோளைப் பார்த்த ஒரு சின்னப் பிசியோதெரபி இடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன வருடம் இரண்டாம் தவணையில் நான் கரும்பலகையின் மேல்பாதியைக் கைவிட்டுவிட்டேன். கணிதம் படிப்பிக்கிறவள், பலகை முழுக்க எழுதித்தான் பழக்கம், ஆனால் வலது கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோனால் உள்ளே யாரோ ஆணி அறைகிற மாதிரி இருந்தது. அதனால் திகதியையும் பாடத் தலைப்பையும் வகுப்பில் உயரமான ஒரு பிள்ளையை விட்டு எழுதுவித்துவிட்டு நான் கீழ்ப்பாதியிலேயே சமன்பாடுகளைத் தீர்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கொண்டை போட முடியாமல் போனது. அதற்குப் பிறகு இரவில் வலப்பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் போனது, இதுதான் எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் விடிய 2 மணிக்கு நோவோடு எழும்பி இருக்கிற ஆளுக்குக் காலையில் 40 பிள்ளைகளின் சத்தத்தைத் தாங்கப் பொறுமை எங்கிருந்து வரும்?

டொக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பில் ஒன்றும் இல்லை. கையைப் பிடித்து வெளிப்பக்கமாகத் திருப்பிப் பார்த்தார், திரும்பவில்லை. ஃப்ரோஸன் ஷோல்டர் என்றார். தோள் மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய பை மாதிரி உறை இருக்கிறது, அது அழற்சி வந்து தடித்துச் சுருங்கிவிடுகிறது, அதனால் மூட்டு அசைய இடமில்லாமல் போகிறது. 40 முதல் 60 வயதுக்குள்தான் அதிகம் வரும், பெண்களுக்குக் கூடுதல், சீனி வருத்தம் இருந்தால் இன்னும் கூடுதல். எனக்கு 52 வயது, 9 வருடமாகச் சீனிக்குக் குளிசை போடுகிறேன். எல்லா நிபந்தனையும் பொருந்துகிறது, நிறுவல் முடிந்தது. தானாகவே இளகும், ஆனால் ஒரு வருடம் முதல் மூன்று வருடம் வரை எடுக்கலாம், அதுவரை பிசியோ செய்யுங்கள் என்று எழுதித் தந்தார்.

நான் உடனே போகவில்லை. இதை ஒத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இதை வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் இப்போது அந்தக் கட்டத்தில்தான் இருப்பீர்கள். முதலில் கன்னியாவுக்குப் போனேன், தங்கச்சியோடு. இராவணன் உண்டாக்கியது என்று சொல்லுகிற வெந்நீர்க் கிணறு ஏழிலும் அள்ளி அள்ளித் தோளில் ஊற்றினேன், அதாவது தங்கச்சி ஊற்றினாள், எனக்குத்தான் வாளியைத் தூக்க முடியாதே. ஒவ்வொரு கிணற்றிலும் ஒவ்வொரு சூடு, நல்ல சுகமாக இருந்தது, வீட்டுக்கு வந்து சேரும்வரை அந்தச் சுகம் இருந்தது. அதற்குமேல் கேட்பது இராவணனுக்கே அடுக்காது.

அடுத்தது கடற்கரைப் பக்கம் ஒரு ஸ்பா. வெள்ளைக்காரர் வருகிற சீசன் நேரம், மருமகள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் தண்ணீர்ப் பாத்திரத்தில் பூ மிதந்தது, உள்ளே ஏசி, எங்கிருந்தோ புல்லாங்குழல். ஒரு மணித்தியாலம் எண்ணெய் பூசி மெதுவாகத் தடவிவிட்டார்கள், நான் அப்படியே நித்திரையாகிப்போனேன். காசுக்கு அந்த நித்திரை வந்தது என்று வைத்துக்கொள்ளலாம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கை ஒரு பாகைகூடக் கூடவில்லை, போகும்போது "உடம்பில இருக்கிற நஞ்செல்லாம் வெளிய போகும், நிறையத் தண்ணி குடியுங்கோ" என்று சொன்னார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கழிவை வெளியேற்றக் கடவுள் சிறுநீரகமும் ஈரலும் தந்திருக்கிறார், தோளைத் தடவினால் என்ன நஞ்சு எந்த வழியால் போகும்?

மூன்றாவது ஆள்தான் மோசம். ஊரில் சுளுக்கு எடுக்கிறவர் ஒருவர், ஊரும் பேரும் வேண்டாம். கையைப் பிடித்து "கண்ணை மூடுங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டு ஒரே இழுவை. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. 4 நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. சுளுக்கு வேறு, இறுகிப்போன மூட்டு வேறு, நோ உச்சத்தில் இருக்கிற காலத்தில் பலமாக இழுத்தால் அழற்சி கூடும் என்பது பிறகுதான் விளங்கியது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏகாம்பரம் வீதியில் இருந்து உள்ளே திரும்பும் ஒரு ஒழுங்கையில், கீழே தையல்கடை, மேலே நான் சொல்லவந்த பிசியோதெரபி இடம். சின்னப் பெயர்ப்பலகை. பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் இங்கே போடவில்லை, காரணம் அங்கே வேலை செய்கிறது ஒரே ஒரு பெண், "போட்டுடாதேங்கோ டீச்சர், இருக்கிற ஆக்களையே பார்த்து முடிக்கேலாமல் கிடக்கு" என்று அவரே கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். தேடுகிறவர்களுக்குத் தையல்கடை அடையாளம் போதும்.

முதல் குறையைப் படியிலேயே சொல்லிவிடுகிறேன். 17 படி, செங்குத்து, ஒரு பக்கம்தான் கைபிடி. முழங்கால் நோவுக்கு வருகிற ஆச்சிமார் அந்தப் படியில் ஏறுவதற்கே தனியாக ஒரு வைத்தியம் வேண்டும். கேட்டால் கீழே கடை எடுக்க வாடகை கட்டுப்படியாகாது என்கிறார். நியாயம்தான், ஆனால் அந்த ஆச்சிமாருக்கு அந்த நியாயம் உதவாது. ஏலாதவர்கள் முன்கூட்டியே சொன்னால் வீட்டுக்கு வந்து பார்ப்பாராம், அதற்குத் தனிக் காசு.

உள்ளே போனால் சுவரில் சான்றிதழ், மருத்துவச் சபையில் பிசியோதெரபிஸ்டாகப் பதிந்த இலக்கத்தோடு. இதை நீங்கள் எங்கே போனாலும் பாருங்கள். இலங்கையில் பிசியோதெரபிஸ்டுகள் மருத்துவச் சபையில் பதியவேண்டும், சித்த ஆயுர்வேத வைத்தியர்கள் ஆயுர்வேத மருத்துவச் சபையில் பதியவேண்டும். பலகையில் "தெரபி" என்று எழுதுவதற்குப் பெயின்ட் மட்டும் இருந்தால் போதும்.

முதல் நாள் அரை மணித்தியாலம் அவர் என்னைத் தொடவே இல்லை. கேள்வி, கேள்வி, கேள்வி. சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, இரத்தம் இளக்கக் குளிசை போடுகிறீர்களா, காய்ச்சல் இருக்கிறதா, காலில் நரம்பு புடைத்திருக்கிறதா, மார்பில் கட்டி ஏதும் வந்ததா, கையில் விறைப்பு இருக்கிறதா. இடையில் எனக்கு எரிச்சல்கூட வந்தது, காசு கொடுத்துச் சோதனை எழுதுகிற மாதிரி. அப்புறம் மேசை லாச்சியில் இருந்து ஒரு சாமானை எடுத்தார் பாருங்கள், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது: கோணமானி! இரண்டு நீளக் கை வைத்த பிளாஸ்டிக் கோணமானி. ஒரு கையை என் விலாவோடும் மற்றதை என் மேற்கையோடும் வைத்து, எவ்வளவு தூக்க முடியுமோ தூக்கச் சொல்லி வாசித்தார். 85 பாகை. நல்ல தோள் 180 பாகைக்குக் கிட்டத் தூக்கும். 27 வருடம் பிள்ளைகளுக்குச் செங்கோணம் படிப்பித்தவள் கடைசியில் ஒரு செங்கோணத்தைக்கூட எட்டவில்லை.

அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. "கொஞ்சம் பரவாயில்லையா?" என்று கேட்கிற இடங்களை விட, இலக்கம் எழுதி வைத்துவிட்டு அடுத்த கிழமை திரும்பவும் அளக்கிற இடத்தை நான் நம்புவேன்.

மசாஜ் எப்படி என்றுதானே கேட்பீர்கள். முதலில் சூட்டுப் பை, துவாயில் சுற்றி, 15 நிமிடம். அதற்கு முன்னால் தோளில் சூடும் குளிரும் வேறுவேறாகத் தெரிகிறதா என்று தொட்டுப் பார்த்தார், சீனி வருத்தக்காரருக்கு உணர்ச்சி குறைந்திருந்தால் சுடுவது தெரியாமல் தோல் பொங்கிவிடுமாம். பிறகு நல்லெண்ணெய், கொஞ்சமாக. முழங்கையில் இருந்து தோளை நோக்கி நீளமாக இழுத்து நீவுவது முதலாவது, அது தசைக்கு வணக்கம் சொல்கிற மாதிரி. அதன்பிறகு பிடரிக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் சதையைக் கொத்தாகப் பிடித்துப் பிசைவது. எனக்கு அந்த இடம் கல்லாக இருந்தது, தோள் அசையாததற்கு ஈடாக நான் தோளையே காதுப்பக்கம் தூக்கித் தூக்கிக் கையை உயர்த்தி வந்திருக்கிறேன், அந்தத் தசைக்கு இரட்டை வேலை. அதற்கும் அப்புறம் அக்குளின் பின்சுவர், தோள்பட்டை எலும்பின் ஓரம், நெஞ்சின் முன்பக்க மூலை. ஒரு புள்ளியில் பெருவிரலை வைத்து அழுத்தினால் நோ முழங்கைவரை ஓடியது. அந்த இடத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு "10க்கு எவ்வளவு டீச்சர்?" என்பார். 6க்கு மேலே சொன்னால் உடனே இளக்கிவிடுவார். நான் ஒருநாள் வீரம் காட்ட 9 வந்தபோது 5 என்றேன், என் கால்விரல் சுருண்டதைப் பார்த்துவிட்டு "பொய் சொல்லாதேங்கோ" என்று அதட்டினார். நோகிறவரைக்கும் அழுத்தினால்தான் பலன் என்று நம்மவர்களுக்கு ஒரு எண்ணம் இருக்கிறது. அப்படியில்லை, நோ தாங்காமல் உடம்பு இறுகினால் அவர் இளக்க வந்த தசையே எதிர்த்து நிற்கும்.

கடைசியில் மேற்கை எலும்பின் தலையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கும் கீழுக்கும் நகர்த்துவார், மில்லிமீற்றர் கணக்கில், ஆளுக்கே தெரியாத அசைவு. அந்தப் பழைய இழுவையை நினைத்து நான் முதல் நாள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தேன். முடிந்துவிட்டது என்றார். நான் தொடங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நோ குறைந்த சந்தோசத்தில் "தங்கச்சி, இன்னும் இரண்டு தரம் நல்லா உருவிவிட்டால் சரியாப்போகும் என்ன?" என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இல்லை டீச்சர். நான் கை வைக்கிறது தசையில. இறுகினது உள்ளுக்க இருக்கிற மூட்டுப் பை, அது என்ர விரலுக்கு எட்டாது. நோ குறையுற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள நீங்கள் கையை அசைச்சுப் பழகினாத்தான் அது இளகும். இல்லையெண்டா கிழமைக்கு கிழமை வந்து எனக்குக் காசு தந்துகொண்டிருப்பீங்கள்."

வருமானத்துக்கு ஆகாத பேச்சு. ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்தப் பேச்சுக்காகத்தான். ஸ்பாவில் ஒரு மணித்தியாலமும் நான் சும்மா கிடந்தேன், இங்கே 45 நிமிடத்தில் 20 நிமிடம் என்னை வேலை வாங்கினார். வீட்டுக்கும் வேலை தந்தார். மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து வலது கையைத் தொங்கவிட்டுக் கிணற்று வாளி ஆடுகிற மாதிரி ஆட்டுவது. சுவருக்கு முன்னால் நின்று விரல்களால் எறும்பு மாதிரி மேலே ஏறுவது. தும்புத்தடியை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் தள்ளி நோகிற கையை வெளிப்பக்கம் கொண்டுபோவது. ஒரு நாளைக்கு மூன்று தரம், ஒவ்வொரு தரமும் 10 நிமிடம். குசினிச் சுவரில் நான் ஏறின உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதி வந்தேன், பிள்ளைகள் வளர்கிறதைக் குறிக்கிற மாதிரி. வீட்டுக்காரர் போன பொங்கலுக்குத்தான் அந்தச் சுவருக்குப் பெயின்ட் அடித்தவர், பாவம், ஒன்றும் சொல்லவில்லை.

பலனைச் சொல்கிறேன். நித்திரைதான் முதலில் திரும்பி வந்தது, இரண்டாம் கிழமையிலேயே. ஆனால் பாகை முதல் மூன்று கிழமையும் பெரிதாக அசையவில்லை: 85, 85, 90. வரைபு போட்டால் தரையோடு படுத்துக் கிடந்தது. விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். கிழமைக்கு இரண்டு தரம் என்று 6 கிழமை, 12 தரம் முடிந்தபோது 120. அதோடு அங்கே போவதை மாதம் ஒன்றாகக் குறைத்துவிட்டு வீட்டில் தும்புத்தடியோடு தொடர்ந்தேன், இன்னொரு நாலு மாதத்தில் 150. கொண்டை போடுகிறேன். பலகையின் மேல்பாதியையும் திருப்பி எடுத்துவிட்டேன், அந்த உயரமான பிள்ளைக்குத்தான் கவலை. முதுகுப்பக்கம் கையை வளைத்துக் கொண்டுபோவது மட்டும் இன்னும் பாக்கி.

இதில் நேர்மையாக ஒன்றைச் சேர்க்கவேண்டும். தானாகவே இளகக்கூடிய வருத்தம் இது. 150இல் எத்தனை பாகை அவருடைய கையால், எத்தனை தும்புத்தடியால், எத்தனை காலத்தால் வந்தது என்று ஒரு கணக்கு டீச்சரால்கூடப் பிரித்துக் காட்ட முடியாது. மூன்று மாறி, ஒரு சமன்பாடு. ஆனால் விடிய 2 மணிக்கு எழும்பாமல் இருந்த இரவுகள் மசாஜால் வந்தவை என்று அடித்துச் சொல்வேன், ஏனென்றால் இடையில் இரண்டு கிழமை தவணைப் பரீட்சைத் தாள் திருத்துகிற நேரம் போகாமல் விட்டேன், நோ அப்படியே திரும்பி வந்தது.

மாமி முதலில் இருந்தே இதற்கு எதிர்ப்பு. "இதெல்லாம் எங்கட தொக்கணம்தானே, இங்கிலீசில சொன்னா 2,500 ரூபாயோ?" என்று கேட்டார். கேள்வியில் பாதி சரி. சித்த மருத்துவத்தில் புற மருந்து 32 என்று சொல்வார்கள், அதில் ஒன்று தொக்கணம், அதாவது கையால் பிடித்துவிடுகிற வைத்தியம், அதற்குள்ளேயே ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். நான் அந்தக் கட்டிலில் கிடந்து பட்டதில் பிடித்தல், அழுத்தல், அசைத்தல் மூன்றும் சந்தேகமில்லாமல் இருந்தன. நம்மிடம் இல்லாத வித்தை ஒன்றும் இல்லை, இங்கேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகவே படிப்பிக்கிறார்கள். முறையாகப் படித்த சித்த வைத்தியரிடம் போய்ச் சுகம் கண்டவர்களையும் எனக்குத் தெரியும். என்னை இழுத்துவிட்ட ஆளையும் அவர்களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

காத்திருக்கிற கதிரையில் கண்டதையும் சொல்லவேண்டும். கிண்ணியாவில் இருந்து ஒரு ராத்தா முழங்காலுக்கு வருவார். வைத்தியம் பார்க்கிறது ஒரு பெண் என்பதால்தான் வீட்டில் விட்டார்களாம், பாலம் வராத காலத்தில் என்றால் ஆட்களை அக்கரைக்கு ஏற்றுகிற பாதைப் படகுக்குக் காத்துநின்று இந்தக் காலோடு வந்திருக்கவே மாட்டேன் என்பார். பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. தடுப்புத் திரை ஒழுங்காக இருக்கிறது, தேவையான இடத்தைத் தவிர மற்றதெல்லாம் துவாயால் மூடியிருக்கும், கூட ஒரு ஆள் உள்ளே வந்து இருக்கலாம். ஆண்களுக்கும் பார்க்கிறார், திருக்கடலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் படகு எஞ்சின் கயிறு இழுத்து இழுத்துத் தோளைக் கெடுத்துக்கொண்டு வந்திருந்தான். இரண்டு கிழமை கயிறு இழுக்காதே என்றால் அவன் சிரிக்கிறான், கடலுக்குப் போகாமல் என்ன செய்வான்.

இன்னொரு நாள் ஒருவர் கொழும்பில் இருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கினவர், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருக்கிறது, பிடித்துவிடச் சொல்லிக் கேட்டார். இவர் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், உள்நாளத்தில் இரத்தம் கட்டியிருக்கலாம், உருவினால் அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போய்விடக்கூடும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த மனிதர் கோபத்தோடு படி இறங்கினார். ஆஸ்பத்திரிக்குப் போனாரா, வேறு யாரிடமும் போய் உருவினாரா, நமக்குத் தெரியாது. என்னிடம் முதல் நாள் கேட்ட கேள்விகள் மீதிருந்த எரிச்சல் எனக்கு அன்றைக்குப் போய்விட்டது.

காசு: நான் போகும்போது ஒரு தரத்துக்கு 2,500 ரூபாய், முதல் நாள் 3,000. 12 தரத்துக்குக் கணக்குப் பார்த்தால் 30,500, சம்பளக்காரிக்கு நோகத்தான் செய்யும், தோளை விடக் கொஞ்சம் குறைவாக. பெரியாஸ்பத்திரியில் பிசியோ இலவசம், நேரம் இருக்கிறவர்கள் முதலில் அங்கே போங்கள், எனக்குப் பள்ளிக்கூட நேரமும் அதுவும் ஒன்றாக வந்ததால்தான் இங்கே போனேன். கார்ட் எடுக்க மாட்டார், கேட்டால்தான் பற்றுச்சீட்டு. ஏசி இல்லை, மின்விசிறி ஒன்று, சித்திரை வெயிலில் கட்டிலோடு ஒட்டிப்போவீர்கள். கட்டிலும் ஒடுக்கம், திரும்பினால் கிரீச்சென்று சத்தம் வரும். எண்ணெய் படும், பழைய சட்டையோடு போங்கள், நான் ஒரு நல்ல நீலச் சட்டையைப் பலிகொடுத்துவிட்டுச் சொல்கிறேன். சொன்ன நேரத்துக்கு உள்ளே எடுத்த நாட்கள் குறைவு, அரை மணித்தியாலம் கூடப் போகும். ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில் துவாய் மாற்றுகிறார், கை கழுவுகிறார், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பூரணை நாளில் பூட்டு. முன்பதிவுக்குப் பின்னேரம் 5 மணிக்குப் பிறகு போனால் ஆளைப் பிடிக்கலாம். சனிக்கிழமை காலை 9 மணியை மட்டும் கேட்காதீர்கள், மாதத்தின் முதல் சனி அது என்னுடையது, முதுகுப்பக்கப் பாகை இன்னும் பாக்கி கிடக்கிறது.